அலைவரிசையும் கேட்போர் உரிமையும்

கல்வி நிறுவனம் ஒன்றின் அலைவரிசை பிறர் கைக்குப் போகும்போது இழப்பு யாருடையது? உரிமப் பத்திரத்தை மட்டும் பார்ப்பவர்க்கு விடை எளிது. சமுதாயத்தைப் பார்ப்பவர்க்கோ அவ்வளவு எளிதன்று.

2011 ஜனவரி 18 அன்று சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் வானொலி, ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கையிலேயே நிறுத்தப்பட்டது. மாணவரும் நகரத்துத் தொண்டர்களும் 1977 முதல் வளர்த்த 90.3 என்னும் அலைவரிசையை 37.5 இலட்சம் டொலருக்குக் கைமாற்றப் பல்கலைக்கழகம் உடன்பட்டிருந்தது. அவ்விடத்தில் மேனாட்டுச் சாஸ்திரீய இசை ஒலிக்கலாயிற்று. நேயர்கள் கிளர்ந்தெழுந்தனர், ஆயினும் 2012 இல் அரசாங்க ஆணையம் அக்கைமாற்றத்துக்கு இசைந்தது. குற்றம் இசையினுடையதன்று; பேசிவந்தோரைக் கேளாமலே அவர்தம் குரலை விலைபேசியதே குற்றம்.

நம் நாட்டில் விலைபேசாமலே இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி 1995 பெப்ரவரியில் திடீரென நிறுத்தப்பட்டது. அதிற் பங்குகொண்ட நேயர் ஒருவர் வழக்காடினார். அவரது பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதென 1996 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் மார்க் பெர்னாந்து. மறு ஆண்டு, சுதந்திரமற்ற அதிகாரசபை ஒன்றின் கையில் ஒலிபரப்பை ஒப்படைக்க முனைந்த மசோதாவையும் அந்நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானதெனக் கண்டது.

1996 இன் தீர்ப்பை முற்போக்காளர் போற்றுவது பொருந்தும். ஆனால் அதன் எல்லையையும் காணுதல் வேண்டும். வெறுமனே கேட்டிருந்தவனுக்கு அது உரிமை வழங்கவில்லை. பங்குகொண்டு பேசியவனுக்கே வழங்கிற்று. அவ்வாறாயின், பேசும் வாய்ப்பே கிட்டாதவன் நிலை யாது?

சப்ரகமுவத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் நம் மக்கள் நுவரெலியாவிற்போலச் செறிந்து வாழ்பவரல்லர். இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் லயங்களில், சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழ்பவர். விடியுமுன் பால்வெட்டச் செல்லும் தாய் வானொலியிற் பங்குகொள்ள ஓய்வு வேண்டும், தொலைபேசி வேண்டும், தன் மொழியில், தன் வாழ்வைப் பொருளாகக் கொண்ட நிகழ்ச்சி வேண்டும். இவை மூன்றும் அவளுக்கு அன்று இருந்தனவா? அவளது மௌனம் விருப்பத்தால் வந்ததன்று. உழைப்பின் சுமையாலும் புறக்கணிப்பாலும் விளைந்தது. அம்மௌனத்தையே காட்டி உரிமையை மறுப்பது எவ்வகை நீதி?

2015 இல் நிறைவேறிய 19ஆம் திருத்தம் தகவலறியும் உரிமையை அரசியலமைப்பிற் சேர்த்தது. இது வெற்றியே. எனினும், அறியும் உரிமை வேறு. ஒலிவாங்கியின் முன் நிற்கும் உரிமை வேறு. மலையகத்தின் கொத்மலையில் 1989 இல் தொடங்கிய சமுதாய வானொலிகூடக் கூட்டுத்தாபனத்தின் ஓர் உறுப்பாகவே பிறந்தது; மக்கள் குரல் கொடுத்தனர், சாவி அவர்கள் கையில் இருக்கவில்லை.

அலைவரிசைகள் எண்ணிக்கையில் அளவுபட்டவை. ஒருவர் பெறுவது மற்றொருவர் இழப்பது. எனவே அவற்றிற் பள்ளிக்கும் தோட்டத்துக்கும் உரிய பங்கைச் சட்டமே ஒதுக்குதல் வேண்டும். அக்கோரிக்கையை எழுப்பும் பொறுப்பு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உண்டு. இருக்கும் வானொலியைக் காப்பதற்கு மட்டும் போராடினால், வானொலியே இல்லாதவர்களை நாமும் மறந்தவர்களாவோம்.