ஓசூர் வண்டி, ஊத்தங்கரைக் கவசம்

மலையேறும் பைக்குக்குக் கவசம் போடணுமா? ஊத்தங்கரைக்கு வாங்க! வெளிநாட்டுக் கவசத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று கூரியரை எதிர்பார்க்கிறவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குப் பாவமாக இருக்கிறது. உள்ளூரிலேயே செய்த அப்படி ஒரு சாமான் என் வண்டியில் ஏறியிருக்கிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம் குனிந்து அடியைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வண்டி பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ். பெயர் ஜெர்மனி, பிறந்தது நம் ஓசூர். 1980-இல் டி.வி.எஸ். 50 வெளிவந்த அதே ஊர். 2013-இல் டி.வி.எஸ்., பி.எம்.டபிள்யூ. இரண்டு கம்பெனிகளும் கைகோத்தன; 2018 ஜூலையில் ஜி.எஸ். நம் சாலையில் இறங்கியது. 2025-இல் இங்கே விற்பனையும் நின்றுபோனது. புதுசு வாங்க வழியில்லை என்றான பிறகு, இருப்பதன் அடிவயிறு தங்கமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இந்தக் கவசமெல்லாம் அநாவசியம். தார் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. புதூர்நாட்டுப் பக்கம் சவ்வாது மலைக்குள் நுழைந்து, தார் முடிந்து சரளை தொடங்கும் கிளைப்பாதைகளில் போய்ப் பாருங்கள். முன்சக்கரம் கிளப்பிவிடும் கல் நேராக என்ஜினைத்தான் தேடி வரும். அங்கேதான் என்ஜினுக்கு அடியில் மாட்டும் பேஷ் பிளேட் வேண்டும்.

இந்த வண்டியில் ஒரு அதிர்ஷ்டம். பெரும்பாலான பைக்குகளில் சைலன்சர் குழாய் முன்பக்கமாக இறங்கி வளையும். இதில் சிலிண்டரையே திருப்பி வைத்திருப்பதால் குழாய் பின்பக்கமாக இறங்குகிறது. என்ஜினின் முன்முகம் காலி. குழாய்க்காகத் தகட்டைக் குடைய வேண்டாம், சூட்டுக்குப் பயந்து விலக்கி வைக்க வேண்டாம். வீட்டில் செய்ய இதைவிடத் தோதான வண்டி கிடையாது!

மாம்பழ அட்டைப்பெட்டியைப் பிரித்து, வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, வெட்டி ஒட்டி அச்சு எடுத்தேன். அதோடு ஊத்தங்கரையில் டிராக்டர் கலப்பை செய்யும் ஒரு பட்டறைக்குப் போனேன். பைக் கடைக்குப் போகாமல் அங்கே போனதுதான் இந்தக் கதையின் உயிர். பட்டறை அண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்கங்க மாட்டப் போறீங்க?”

“என்ஜின்லயே போல்ட் ஓட்டை இருக்குண்ணா.”

“அய்யோ, அதுல மாட்டுனா அடி நேரா என்ஜினுக்குத்தானே போவும்? சேஸிஸ் பக்கம் பிராக்கெட் போடலாம். முன்னாடி ரெண்டு போல்ட்டு சின்னதா வைங்க. பெரிய கல்லு மோதுனா அது அறுந்துக்கணும்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. கல்காட்டு உழவில் ரோட்டவேட்டர் சிக்கினால் கியர் நொறுங்காமல் இருக்க ஒரு சின்ன போல்ட் முதலில் அறுந்துகொள்ளும். ஸ்பிரிங் கலப்பையின் கொழு கல்லில் முட்டினால் பின்னால் மடிந்து தாண்டிவிடும். பாறையோடு மல்லுக்கு நிற்கும் மண்ணில் தொழில் செய்கிறவருக்கு இதெல்லாம் பாலபாடம். பல கடைச் சாமான்களில் இந்த யோசனையே கிடையாது. கனமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

தகடு 4 மி.மீ. அலுமினியம். ஓசூரில் பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கியது. 40-க்கு 45 செ.மீ. துண்டை இரும்பில் செய்தால் ஐந்தரைக் கிலோவைத் தாண்டும். இது இரண்டு கிலோகூட இல்லை. கேட்டு வாங்க வேண்டியது 5052 ரகம். 6061-டி6 உறுதிதான், ஆனால் இறுக்கமாக மடக்கினால் கீறிக்கொள்ளும். மடிக்கும் கோட்டை மார்க்கர் பேனாவால் போடுங்கள். ஆணியால் கீறினால் விரிசல் அங்கேயே தொடங்கும்.

அப்புறம் சோப்பு வித்தை. மடிக்கிற இடத்தில் துணி சோப்பைத் தேய்த்து காஸ் டார்ச்சால் சூடு காட்டினார் அண்ணன். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது, திடீரென்று உருகி ஒழுகும். சோப்புதான் காட்டிக்கொடுக்கிறது: வெள்ளை மஞ்சளாகி, பழுப்பாகி, கருக்கும். கருத்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். ஆறிய பிறகு மடக்கினால், அடடா, அப்பளம் போல உடையும் என்று நான் பயந்த தகடு சத்தமே இல்லாமல் வளைந்தது. சூடு பட்ட இடம் கொஞ்சம் மெதுவாகிவிடும் என்பதால் மடிப்புக்கு மட்டும்தான் இந்த வைத்தியம்.

பிறகு ரேடியேட்டரைக் காக்க ஒரு ஜாலி. 5 மி.மீ. ஓட்டைகள் 8 மி.மீ. தள்ளித் தள்ளி இருக்கும் தகடு பார்க்க அழகு, ஆனால் திறந்த பரப்பு 35 சதவீதம்தான். சித்திரை வெயிலில் ஃபேன் ஓயாது. வைரக்கட்டமாக இழுத்த வலைத்தகடு போதும், காற்று தாராளமாக வரும்.

கைக்கவசத்தில்தான் இந்த மாவட்டமே சேர்ந்து உழைத்தது! போர்வெல் கேசிங் பைப்பின் வெட்டுத்துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள். கெட்டியான நீல பி.வி.சி. அதை நீளவாக்கில் பிளந்து, அண்டாவில் கொதிக்கும் நீரில் போட்டால் 80 டிகிரி தாண்டியதும் தோல் மாதிரி தொய்யும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் வெட்டுத்துண்டுக்குப் பஞ்சமா? பாலிஷ் போட்ட இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் கண்ணாடி போன்ற தட்டை. மறுபடி சூடாக்கி, கிளவுஸ் போட்ட கையால் ஹேண்டில்பாருக்கு ஏற்ற வளைவு. நெருப்பை நேரே காட்டிவிடாதீர்கள். கருகினால் அமில ஆவி வரும். மாட்டிய பின் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் லீவரும் கிளட்ச் லீவரும் எங்கேயும் உரசாமல் முழுசாக அழுந்துகிறதா பாருங்கள். இதில் சமரசமே கூடாது.

புதூர்நாட்டு இறக்கத்தில் ஒரு கல் பிளேட்டில் ‘ணங்’ என்று விழுந்தது. முன் போல்ட் ஒன்று அறுந்து, தகட்டில் விரல் நீளத்துக்கு ஒரு பள்ளம். என்ஜினில் ஒரு கீறல்கூட இல்லை! சீட்டுக்கடியில் இருந்த மாற்று போல்ட்டை 10-ஆம் நம்பர் ஸ்பானரால் அங்கேயே முடுக்கிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்தது கிராஷ் கார்டு. குழாய்க்குள் மணல் நிரப்பி வளைக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். நீங்களும் போவதானால் ஆடி உழவு சமயத்தில் மட்டும் போகாதீர்கள். கலப்பையோடு விவசாயிகள் காத்திருக்கும்போது பைக்குக்காரனை யாரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள், பார்க்கவும் கூடாது.