நீண்ட மூக்கை நம்பலாமா?

திருச்சி காட்டூரிலோ ஸ்ரீரங்கத்திலோ தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்குக் கொக்கு மீன் புதிதல்ல. ஒல்லியான நீண்ட உடல், ஊசியாக நீளும் இரண்டு தாடைகள், நீர்மட்டத்தை ஒட்டி அசையாமல் நின்று சிறு மீன்களைச் சட்டென்று பாய்ந்து கவ்வும் வழக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். இப்போது அதே நீண்ட வாயோடு இன்னொரு மீனும் பேச்சில் அடிபடுகிறது. வட அமெரிக்காவைச் சேர்ந்த அலிகேட்டர் கார், வண்ணமீன் வணிகத்தின் வழியே இந்தியாவுக்குள் வந்தது. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள நீர்நிலைகளிலும், 2023-இல் போபாலிலும் ஸ்ரீநகரின் தால் ஏரியிலும் அது பிடிபட்டது. இந்தச் செய்திகளைப் படித்தவர் கையில் நீண்ட மூக்குள்ள மீன் சிக்கினால் என்ன செய்வார்? செல்போனில் ஒரு படம் எடுப்பார். படத்தைப் பார்த்தவர் ஒரு பெயர் சொல்வார். தோற்றத்தைப் பார்த்து இனம் சொல்லும் இந்த முறை எவ்வளவு தூரம் தாங்கும்?

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். செலவில்லை, ஆய்வகம் வேண்டாம், மீனைக் கொல்லவும் வேண்டாம். பார்க்க வேண்டிய இடம் தெரிந்தால் அரை நிமிடத்தில் விடை கிடைக்கும். கார் மீனின் செதில்கள் சாய்சதுர வடிவிலான கெட்டித் தகடுகள். பளபளப்பான மேற்பூச்சோடு ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். கத்தி எளிதில் இறங்காது. கொக்கு மீனின் செதில்களோ மிகச் சிறியவை, மெல்லியவை. கார் மீனின் வால் வட்டமாக முடியும். கொக்கு மீனின் வால் நேர்வெட்டாக நிற்கும். கார் மீன்களுக்குள்ளேயும் இதேபோல் பிரித்துவிடலாம். அலிகேட்டர் கார் அடங்கிய அட்ராக்டோஸ்டியஸ் பேரினத்தில் மேல்தாடையில் பெரிய பற்கள் இரண்டு வரிசை. லெபிசோஸ்டியஸ் பேரினத்தில் ஒரே வரிசை. ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும் புள்ளி காரையும் புளோரிடா காரையும் பிரிக்கத் தொண்டையின் அடிப்பக்கம் பார்ப்பார்கள்: முன்னதற்கு அங்கே எலும்புத் தகடுகள் உண்டு, பின்னதற்கு இல்லை.

இத்தகைய உறுதியான அடையாளங்கள் காலத்தையும் தாண்டி நிற்கின்றன. மகாராஷ்டிரத்தின் டோங்கர்காவில் லமேட்டா படிவுகளிலிருந்து கிடைத்த மீன் எச்சங்களை 1908-இல் ஆர்தர் ஸ்மித் உட்வர்டு ஆராய்ந்து, தொல்கால இந்தியாவிலும் கார் மீன் வாழ்ந்ததை எழுதினார். நிறமோ சதையோ மிஞ்சாத நிலையிலும் கடினப் பகுதிகள் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தன.

ஆனால் பார்ப்பவரின் கண் முதலில் செதிலுக்கோ பல்லுக்கோ போவதில்லை, மூக்குக்குத்தான் போகிறது. இந்த முறையின் முதல் பலவீனம் அங்கே தொடங்குகிறது. நீளமான தாடையும், வாலை ஒட்டிப் பின்தள்ளி அமைந்த முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் பதுங்கியிருந்து பாயும் பிழைப்புக்கு உதவுபவை. அந்தப் பிழைப்பு நடத்தும் மீன்கள், உறவே இல்லாவிட்டாலும், ஒரே வார்ப்பில் வந்து நிற்கின்றன. 1822-இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் நம் கொக்கு மீனை ஈசாக்ஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார். இன்று அந்தப் பெயர் வட அரைக்கோளத்துக் குளிர்நீரில் வாழும் பைக் மீன்களுக்கு மட்டுமே உரியது. கொக்கு மீன் செனென்டோடான் என்ற தனிப் பேரினமாக 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் நெருங்கிய சொந்தங்கள் நம் கடற்கரைச் சந்தைகளில் விற்கும் முரல் மீன்கள்.

இரண்டாவது பலவீனம் நிறம். மீனின் தோலில் உள்ள நிறமிச் செல்களுக்குள் நிறமித் துகள்கள், கண் காணும் பின்னணிக்கு ஏற்பக் குவியவும் பரவவும் செய்யும். அதே சூழலில் வாரக்கணக்கில் வாழ்ந்தால் அந்தச் செல்களின் எண்ணிக்கையே மாறும். கார் மீன்களில் இது பளிச்சென்று தெரியும். தெளிந்த, பாசி அடர்ந்த நீரில் புள்ளிகள் கருத்துத் துலங்கும். கலங்கல் நீரில் அதே இனம் மங்கி, புள்ளியே இல்லாததாகத் தோன்றும். திருச்சியைச் சுற்றியும் இப்படிப் பல வகை நீர் உண்டு: முக்கொம்பில் பிரியும் கொள்ளிடத்தின் வெளிர்மணல் படுகை, வெள்ளக் காலத்துக் காவிரியின் செந்நீர், பேட்டைவாய்த்தலையில் பிரிந்து நகருக்குள் நுழையும் உய்யக்கொண்டானின் செடி மண்டிய ஓரங்கள். இவற்றிலிருந்து பிடித்த கொக்கு மீன்களின் நிறம் வேறுபட்டால், அது தண்ணீரைப் பற்றிய செய்தி, இனத்துக்குச் சான்றாகாது.

வயதும் ஏமாற்றும். முரல் குடும்பத்தின் பல இனங்களில் கீழ்த்தாடை முந்திக்கொண்டு வளர்கிறது. மேல்தாடை பிறகுதான் எட்டிப்பிடிக்கிறது. இடைப்பட்ட பருவத்தில் குஞ்சைப் பார்ப்பவர் அதை வேறு குடும்பம் என்றே எண்ணக்கூடும். அலிகேட்டர் கார் குஞ்சின் முதுகில் வெளிர்கோடு ஓடும். வளர்ந்த மீனில் அதைத் தேடிப் பயனில்லை. கண்ணாடித் தொட்டியும் ஒரு வாழிடமே. சிறு தொட்டியில் அடைபட்ட காரின் மூக்கு வளையலாம், முதுகெலும்பு கோணலாகலாம். ஆற்றில் விடப்படுபவை தொட்டியில் வளர்ந்த மீன்கள் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது.

இந்த வேறுபாடுகளை எல்லாம் இனங்களாக எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு 1870-இல் பாரிசில் ஓகுஸ்த் துய்மெரில் செய்த வேலையே சாட்சி. அவர் கார் மீன்களுக்கு வரிசையாகப் புதுப்பெயர்கள் சூட்டினார். அவற்றில் பெரும்பாலானவை இன்று நீண்டமூக்கு கார் என்ற ஒரே இனத்தின் மாற்றுப்பெயர்களாகச் சுருங்கிவிட்டன. இன்று ஏற்கப்பட்ட கார் இனங்கள் ஏழு.

அப்படியானால் மரபணுச் சோதனைக்கே விட்டுவிடலாமா? அதற்கும் எல்லை உண்டு. வழக்கமான பட்டைக்குறிச் சோதனை தாய்வழி வரும் மரபணுவைப் பார்க்கிறது. கலப்பினத்தில் தந்தை யார் என்று அது சொல்லாது. டெக்சாஸ் ஆறுகளில் அலிகேட்டர் காரும் நீண்டமூக்கு காரும் கலந்து, இனப்பெருக்கம் செய்யக்கூடிய குஞ்சுகள் பிறப்பதை 2024-இல் ஓர் ஆய்வு காட்டியது. அவை பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரண்டு பேரினங்கள்! தவிர, மாதிரியோடு ஒப்பிடும் மூலத் தொகுப்பில் பெயர் தவறாக இருந்தால் சோதனையும் தவறும். அந்த மூலப் பெயரைச் சூட்டியவரும் மீனின் உடலைப் பார்த்தே சூட்டியிருப்பார்.

ஆகவே தோற்றத்தைக் கைவிடத் தேவையில்லை. பார்க்கும் வரிசையைத் திருத்த வேண்டும். செதில், பல், எலும்பு முதலில். வால், துடுப்பு அடுத்து. மூக்கின் நீளமும் நிறமும் கடைசியில். பக்கவாட்டுப் படம் ஒன்று போதாது. செதிலின் நெருக்கப் படம், திறந்த மேல்தாடை, வால், பிடித்த இடம், அன்றைய நீரின் நிலை ஆகியவையும் சேர வேண்டும். பிழைக்கு இரு பக்கமும் விலை உண்டு. கொக்கு மீனை அந்நிய மீன் என்று கொன்றால் காவிரிக்கு இழப்பு. உண்மையான அலிகேட்டர் காரைக் கொக்கு மீன் என்று நினைத்து விட்டுவிட்டால் இழப்பு இன்னும் பெரிது: 2011-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிடிபட்ட அலிகேட்டர் கார் ஒன்று ஏறக்குறைய 148 கிலோ இருந்தது.