பட்டவராயன் கதையும் இருபதாம் பாகமும்

வீடியோ கேம் ஆடுகிற பையன்களிடம் பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு புலம்பல் வந்துவிடும்: "புதுசா ஒருத்தனும் ஒண்ணும் செய்ய மாட்டேங்கான். அதே பேரு, பின்னால ஒரு நம்பரு." புலம்பிவிட்டு அந்த அடுத்த நம்பரைத்தான் வாங்குவார்கள். கால் ஆஃப் டூட்டி 2003-இல் தொடங்கியது. 2005 முதல் ஓர் ஆண்டுகூடத் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. அதன் இருபதாவது பாகமான மாடர்ன் வார்ஃபேர் 3, 2023 நவம்பரில் வெளியானது. கதைப் பகுதி தொடங்கியதும் முடிந்துவிடுகிறது, சென்ற ஆண்டுச் சரக்கையே திரும்ப விற்கிறார்கள் என்று விமர்சகர்கள் கடிந்துகொண்டார்கள். ஆனாலும் அமெரிக்காவில் அந்த ஆண்டு விற்பனையில் அதற்கு இரண்டாம் இடம். முதலிடம் பிடித்த ஹாக்வார்ட்ஸ் லெகசியும் ஹாரி பாட்டர் புண்ணியத்தில் விற்றதுதான்.

திருநெல்வேலியில் இருந்துகொண்டு இந்தப் புலம்பலைக் கேட்டால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. பழைய கதையைத் திரும்பக் கேட்பது தாமிரபரணிக் கரையில் ஒரு குறையே அல்ல, கடமை. சுடலைமாடனுக்கோ முத்தாரம்மனுக்கோ கொடை விழா வைக்கும்போது அதற்கு வரி கொடுக்கும் ஊர்க்காரர்கள் வில்லுப்பாட்டுக்காரரிடம் போய், "இந்த வருசம் புதுக்கதை ஒண்ணு பாடுங்க" என்று கேட்பதில்லை. கோயிலில் எந்தச் சாமி நிற்கிறதோ அந்தச் சாமியின் கதையைத்தான் பாட வேண்டும். பந்தலில் முன்னால் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது நன்றாகத் தெரியும். வில்லடித்துப் பாடும் அண்ணாவி ஓர் இடத்தைத் தாவிப் போனால் அதுவும் தெரியும்.

கதை பழையது என்பதால் அண்ணாவிக்கு வேலை குறைந்துவிடுவதில்லை. வீசுகோலால் வில்லைத் தட்டி அவர் பாட, குடமும் உடுக்கும் ஜால்ராவும் கட்டையும் சேர்ந்துகொள்ளும். சாமி வர வேண்டிய கட்டத்தில் சாமியாடி அசையாமல் நின்றால் கதை அதற்கு மேல் நகராது. அதே அடிகளை இன்னும் விரைவாக, இன்னும் உரக்கப் பாட வேண்டும். குடம் அடிப்பவர் கை ஓயக் கூடாது. அருள் இறங்கிக் குலவை எழுந்த பிறகுதான் அண்ணாவி மூச்சு விடுவார். பாட்டில் சரக்கில்லாதவர் அந்த இடத்தில் அகப்பட்டுக்கொள்வார். கதை தெரிந்த கூட்டத்தை ஏமாற்றுவது கடினம். யார், எங்கே, ஏன் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது பாடகருக்கு லாபம். அந்த லாபத்துக்கு ஈடாக, சொல்லும் விதத்தில் முழு உழைப்பையும் காட்டியாக வேண்டும்.

நல்ல கேம் தொடர்களும் இதைத்தான் செய்கின்றன. நிண்டெண்டோவின் செல்டா தொடர் 1986-இல் தொடங்கியது. லிங்க், செல்டா, கேனன் என்ற அதே மூன்று பெயர்கள்தான். 2017-இல் வந்த பிரெத் ஆஃப் த வைல்ட், அந்தத் தொடர் பல ஆண்டுகளாகக் கட்டிவைத்திருந்த வரிசையைத் தூக்கி எறிந்தது. தொடக்கத்தில் ஒரு மேட்டுநிலத்தில் கொஞ்சம் பழக்கிவிட்டுப் பிறகு எங்கே வேண்டுமானாலும் போ என்று விட்டுவிடுகிறது. துணிச்சல் இருந்தால் நேராகக் கடைசி எதிரியிடமே போகலாம். பழைய பெயர் என்றாலே சோம்பேறித்தனம் என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் இந்த ஒரு கேமுக்குப் பதில் சொல்லிவிட்டு எழுதட்டும்.

நிறுவனங்களின் கணக்கிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சோனி தாக்கல் செய்த ஆவணங்களில் ரகசியத் தொகைகளைப் பேனாவால் கறுப்படித்திருந்தார்கள். ஸ்கேன் செய்ததும் அத்தனையும் தெரிந்துவிட்டது. த லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு ஏறக்குறைய 21 கோடி டாலர். இவ்வளவு பணத்தைப் போட்டு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கும் முதலாளி, பெயர் தெரியாத கதைக்குக் கையெழுத்துப் போடத் தயங்குவார். நிறுவனங்கள் கைகாட்டுவது கான்கார்டை. சோனி புதுப்பெயரில் பெரும் செலவில் இறக்கிய கேம் அது. 2024 ஆகஸ்ட் 23-இல் வந்தது, செப்டம்பர் 6-இல் நிறுத்தப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை உருவாக்கிய ஸ்டூடியோவையும் மூடினார்கள்.

ஆனால் இந்தச் சாட்சி செல்லாது. கான்கார்டுக்குப் பெயர்தான் புதிது. ஆளுக்கொரு வித்தையோடு நாயகர்கள் குழுவாகச் சுட்டுக்கொள்ளும் அந்த அச்சை ஓவர்வாட்ச் 2016-லேயே வார்த்துவிட்டது. அதே அச்சில் இலவசமாகவே ஆடக் கிடைக்கும்போது காசு கொடுத்து எதற்கு வாங்குவது என்றுதான் ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். உண்மையிலேயே புதிதாக வந்தவற்றின் கதை வேறு. சீட்டுக்கட்டை வைத்து ஒரே ஆள் உருவாக்கிய பலாட்ரோ 2024-இல் பல லட்சம் பிரதி விற்றது. பிரான்சின் மோன்பெலியே நகரத்தில் ஒரு சிறு குழு, வெளியாட்களின் துணையோடு செய்த கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33, 2025-இன் சிறந்த கேம் விருதைப் பெரிய நிறுவனங்களின் மூக்குக்குக் கீழிருந்து எடுத்துக்கொண்டு போனது. புதுமை விற்காது என்பது வியாபார அனுபவம் அல்ல, வியாபாரப் பயம்.

பயத்தைக்கூட மன்னிக்கலாம். எனக்கு உறுத்துவது பழகிய பெயரை வைத்து வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் விதம். ஈ.ஏ. நிறுவனத்தின் கால்பந்து கேமைப் பாருங்கள். 1993 முதல் ஃபிஃபா என்ற பெயரில் வந்தது. ஃபிஃபா அமைப்போடு ஒப்பந்தம் முறிந்து 2023-இல் பெயர் எஃப்சி 24 ஆனது. பெயர் போயும் வியாபாரம் படுக்கவில்லை. மக்களைப் பிடித்து வைத்திருந்தது பெயர் அல்ல, அல்டிமேட் டீம் என்ற ஏற்பாடு. வீரர்களின் படம் போட்ட சீட்டுப் பொட்டலங்களைக் காசு கொடுத்துப் பிரிக்கலாம். உள்ளே யார் இருப்பார் என்று தெரியாது. ஓர் ஆண்டு முழுக்கப் பிரித்துப் பிரித்து ஒரு பையன் நல்ல அணி ஒன்றைச் சேர்த்திருப்பான். செப்டம்பரில் அடுத்த எண் வரும். அந்த அணி புதியதற்கு வராது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படிப் பொட்டலம் விற்பது சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018-இல் சொன்ன பிறகு அந்த நாட்டில் மட்டும் காசு வாங்குவதை நிறுத்தினார்கள். கொடைக்கு வரி கொடுத்தவன் அடுத்த ஆண்டு அதே கதையைத்தான் கேட்கிறான். ஆனால் போன ஆண்டு கேட்டது செல்லாது என்று அவனிடம் எந்த அண்ணாவியும் சொல்வதில்லை.

ஆண்டுக்கு ஒன்று என்ற ஓட்டம் கலையையும் கெடுக்கிறது. யூபிசாஃப்டின் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி 2014-இல் அரைவேக்காடாக வந்தது. சில காட்சிகளில் ஆட்களுக்கு முகமே இல்லை, கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் தொங்கின. 2016-இல் முதன்மைப் பாகம் எதுவும் விடாமல் நிறுத்திவைத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ஆரிஜின்ஸ் பழைய எகிப்தைக் காட்டி விட்ட மரியாதையை மீட்டுக்கொடுத்தது.

இந்த நோய் நமக்கும் புதிதல்ல. 2003-இல் ஹரி இயக்கிய சாமி படத்தில் விக்ரம் திருநெல்வேலிக் காவல் அதிகாரியாக வந்தார். ஊர்ப் பேச்சும் ஊர் அரசியலும் அதில் உயிரோடு இருந்தன. 2018-இன் சாமி ஸ்கொயரில் பெயரும் மீசையும் மிஞ்சின, ஊரைக் காணோம்.

இனி முக்கியமான வேறுபாட்டுக்கு வருகிறேன். முத்துப்பட்டன் கதை யாருக்கும் சொந்தமில்லை. பிராமணனான முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான். அதற்காகக் குடுமியையும் பூணூலையும் துறக்கிறான், தோல் தைக்கக் கற்றுக்கொள்கிறான், மாடு காக்கப் போய்த் திருடர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில், சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கிறான். அவனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் இன்றும் தோல்செருப்பு வாங்கிக் கட்டுகிறார்கள். அந்தக் கதையைப் பாட யாரும் யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

கேம் உலகத்திலும் பெரிய புதுமைகள் இப்படித் திறந்து கிடந்த இடங்களில்தான் முளைத்தன. ஹாஃப் லைஃபை ரசிகர்கள் மாற்றியமைத்ததில் 1999-இல் கவுன்டர் ஸ்ட்ரைக் பிறந்தது. வார்கிராஃப்ட் 3-இலிருந்து டோட்டா வந்தது. நம்மூர்ப் பையன்கள் இரவு முழுக்க ஆடிய பப்ஜியின் வேரும் பிரெண்டன் கிரீன் என்பவர் ஆர்மா என்ற கேமின் மேல் பொழுதுபோக்காகச் செய்த மாற்றத்தில்தான் இருக்கிறது. பழகிய பெயரும் புதுக் கற்பனையும் பகையாளிகள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இதற்கு நிறுவனங்கள் செய்த பதில் மரியாதை என்ன? 2020-இல் வார்கிராஃப்ட் 3-ஐப் புதுப்பித்து விட்டபோது, இனி அதன்மேல் ரசிகர் எதை உருவாக்கினாலும் அது எங்களுக்கே சொந்தம் என்று பிளிசார்ட் விதி எழுதியது. 2021-இல் ஜிடிஏ பழைய பாகங்கள் மூன்றையும் மெருகேற்றுகிறோம் என்று ராக்ஸ்டார் கிளம்பியது. பிரவுசிங் சென்டர் காலத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடமான வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாசும் அதில் அடக்கம். வந்த புதிய பதிப்பு ஓட்டை உடைசல். பழைய பதிப்புகளையோ அதற்கு முன்பே கடையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். கூச்சல் எழுந்த பிறகுதான் கணினிக்கான பழைய பதிப்புகளைத் திரும்ப வைத்தார்கள்.

பக்கத்திலேயே ஓர் எதிர் உதாரணம் இருக்கிறது. பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா, மலியோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017-இல் விட்ட சாதாரண மொபைல் கேம். வண்டியின் நிறத்தையும் உருவத்தையும் நாமே மாற்றிக்கொள்ள அதில் வழி வைத்தார்கள். அவ்வளவுதான், தமிழ்நாட்டுப் பையன்கள் புகுந்துவிட்டார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளை எழுத்துப் பிசகாமல் வரைந்து, தனியார் பேருந்துகளை ஏர்ஹாரனோடு சேர்த்து, இலவசமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஜாவாத் தீவுச் சாலையில் நம்ம ஊர் வண்டி ஓடுகிறது. எந்தப் பெரிய நிறுவனமும் நமக்கு ஒருபோதும் செய்து தந்திருக்காத கேம் அது.

பொதுச்சொத்து என்பதாலேயே எல்லாம் நல்லபடி நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. முத்துப்பட்டன் கதையிலேயே கை வைத்திருக்கிறார்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பில் பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று ஒரு பகுதி பின்னால் வந்து சேர்ந்தது. கதையின் முதுகெலும்பையே உருவும் வேலை இது. சாதி கடந்த திருமணத்தைச் செரித்துக்கொள்ள முடியாதவர்களின் இடைச்செருகல் என்று நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். எடுத்துக்காட்ட அவரால் முடிந்ததற்குக் காரணம், இரண்டு வடிவங்களும் அழியாமல் கையில் கிடைத்ததுதான். ராக்ஸ்டாரைப் போல யாரும் பழையதைக் கடையிலிருந்து எடுத்துவிடவில்லை.

அதே வில்லில் புதுக்கதை ஏற்றியவர்களும் உண்டு. என். எஸ். கிருஷ்ணன் காந்தி கதையை வில்லுப்பாட்டில் சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம், 2022-இல் மறையும்வரை, காந்தியையும் விடுதலையையும் வானொலிக்கும் மேடைகளுக்கும் அந்த வில்லிலேயே கொண்டுபோனார். பழகிய வடிவத்தில் பழகாத கதை. 2023 ஜூலையில் வந்த வெண்பா என்ற கேமையும் இந்த வரிசையில் வைப்பேன். கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தாய், நைந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு நினைவிலிருந்து சமைக்கிறாள். முதல் ஆட்டமே இட்லி. தட்டுகளை அடுக்கும்போது ஆவித்துளைகள் நேருக்கு நேர் வராமல் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகாது. சமையல் கேம் என்ற வகை எப்போதோ வந்துவிட்டது. இட்லித் தட்டின் துளையை ஒரு புதிராக்க அதை வைத்துச் சமைத்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் தோன்றும். டொரான்டோவின் ஒரு சிறு ஸ்டூடியோ செய்த அந்த கேம் 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விருதை வாங்கியது.

ஆகவே என் தீர்ப்பு இது: பெரிய கேம் நிறுவனங்கள் பழகிய பெயர்களை அளவுக்கு மிஞ்சித்தான் நம்புகின்றன. பழைய கதையைச் சொல்வதற்காக அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். கதையைப் பூட்டி வைத்து, பழைய வடிவத்தை அழித்து, ஆண்டுதோறும் நுழைவுச்சீட்டை மட்டும் புதிதாகக் கிழிப்பதற்காக ஏற்றுவேன். வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரும் செப்டம்பரில் வீட்டுப் பிள்ளை அடுத்த எஃப்சிக்குப் பணம் கேட்டால், இப்போது வைத்திருக்கும் அணி அதற்கு வருமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த விலையில் ஒரு சிறு பங்குக்கு வெண்பா கிடைக்கிறது. ஒரே மாலையில் ஆடி முடித்துவிடலாம்.