ஆறாவது சுரம்

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 21 காலையில் விழுப்புரம் காகுப்பம் ஆயுதப்படை மைதானத்தில் காவலர் வீரவணக்க நாள் நடக்கிறது. 1959இல் அதே நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் சுட்டு உயிரிழந்த 10 காவலர்களின் நினைவாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படும் நாள் அது. மலர்வளையம் வைப்பார்கள், குண்டுகள் முழங்கும், பியூகிள் ஒலிக்கும். மறுநாள் செய்தித்தாளில் யார் யார் மலர்வளையம் வைத்தார்கள் என்று வரும். எத்தனை குண்டுகள் என்றும் வரும். பியூகிள் எப்படி ஒலித்தது என்று ஒரு வரிகூட வராது. விளையாட்டுப் பக்கத்தில் அதை எழுத ஒரு நியாயம் இருக்கிறது. அந்த மைதானத்தில் நிற்பவர்களில் மூச்சையும் உதட்டையும் மட்டும் நம்பி, ஒரே வாய்ப்பில், திருத்திக்கொள்ள வழியில்லாமல் ஒரு காரியத்தை முடிக்க வேண்டியவர் பியூகிள் ஊதுபவர் ஒருவர்தான். அவர் பிசகினால் அது பெரும்பாலும் அவர் குறையல்ல, நிகழ்ச்சியை அமைத்தவர்களின் குறை என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

முதலில் கருவியைப் பார்க்கலாம். நாதஸ்வரத்துக்குத் துளைகள் உண்டு, டிரம்பெட்டுக்கு விரலால் அழுத்தும் வால்வுகள் உண்டு. பியூகிளுக்கு இரண்டும் இல்லை. அது சுருட்டி வைத்த ஒரு பித்தளைக் குழாய், அவ்வளவே. உதடு அதிரும் வேகத்தை மாற்றித்தான் சுரத்தை மாற்ற வேண்டும். அப்படி மாற்றினாலும் அழைப்பிசைக்குக் கிடைப்பவை ஐந்தே ஒலிகள். நம் கணக்கில் சொன்னால் ச, ப, அதற்கு மேல் ச, அந்தர காந்தாரம், மேல் பஞ்சமம். ரி இல்லை, ம இல்லை, த இல்லை, நி இல்லை. இந்த ஐந்துக்கும் உதட்டின் இறுக்கம் வெவ்வேறு. நூலளவு தளர்ந்தால் கீழ்ச் சுரத்தில் விழும், நூலளவு இறுகினால் மேலே தாவும், இரண்டுக்கும் நடுவே சிக்கினால் ஒலி கீறும். விரலால் சரிசெய்ய இடமே இல்லை. கோயில் வாசலில் கொம்பும் எக்காளமும் ஊதுகிறவர்களுக்கு இது புதிதல்ல, அவர்களுடையதும் உதட்டு வித்தைதான்.

இந்தக் கலையில் உலகம் மிக அதிகமாகக் கேட்ட பிசகு 1963 நவம்பர் 25 அன்று, வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் கல்லறையில் நிகழ்ந்தது. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் அடக்கம். ஊதியவர் சார்ஜென்ட் கீத் கிளார்க், அமெரிக்க ராணுவ இசைக்குழுவின் முதன்மையான டிரம்பெட் கலைஞர். நம் படைகள் அஞ்சலியில் ஊதும் லாஸ்ட் போஸ்டுக்கு இணையாக அங்கே இருப்பது டாப்ஸ், 1862இல் உள்நாட்டுப் போரின்போது உருவானது. மொத்தம் 24 சுரங்கள். ப ப ச என்று தொடங்கி, ப ச க என்று ஏறும். அந்த ஆறாவது சுரமான காந்தாரத்தில்தான் கிளார்க்கின் ஒலி உடைந்தது. அதுவரை வந்தவற்றில் அதுவே உயரமானது, நீட்டியும் பிடிக்க வேண்டியது. இரண்டு வாரம் முன்பு, நவம்பர் 11 அன்று, அதே கல்லறைத் தோட்டத்தில், அதே கென்னடியின் முன்னிலையில், அதே கிளார்க் அதே அழைப்பைப் பிசகில்லாமல் ஊதியிருந்தார். ஆகவே திறமைக்குறைவு என்று சொல்ல முடியாது. இரண்டு நாளுக்கும் நடுவே மாறியது சூழல். அடக்கத்தன்று அவர் குளிரில் மணிக்கணக்கில் அசையாமல் நின்றார். உதடு விறைத்தது. பக்கத்திலேயே துப்பாக்கிகள் வெடித்தன, அந்தச் சத்தம் காதில் அடங்கும் முன்பே ஊத வேண்டி வந்தது. ஊதப்போகும் சுரத்தை மனத்துக்குள் முதலில் கேட்டால்தான் உதடு அதற்கேற்ப இறுகும். காது அடைத்துப்போனவருக்கு அப்படி முன்கூட்டிக் கேட்பது வாய்க்காது.

கபடி பார்க்கிற நமக்கு இது எளிதாகப் புரியும். பாடிப் போகிறவரை இரண்டு மணி நேரம் கோட்டோரம் சிலையாக நிற்கவைத்து, உடம்பைச் சூடேற்ற விடாமல், திடீரென்று கடைசிப் பாட்டுக்கு அனுப்பிவிட்டு, தம் பற்றவில்லை என்று திட்டுவோமா? பியூகிள்காரரிடம் நாம் அதைத்தான் எதிர்பார்க்கிறோம். விழுப்புரத்தில் குளிர் கிடையாது, வெயில் உண்டு. வெயிலில் உதடு வறளும், தொண்டை காயும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும், குழாயின் சுருதியும் அதோடு ஏறும். இருவர் சேர்ந்து ஊதும்போது ஒருவர் பந்தல் நிழலிலும் மற்றவர் வெயிலிலும் நின்றிருந்தால் இரண்டு சுருதியும் உரசுவதைக் கேட்கலாம். துப்பாக்கிச் சத்தமோ இங்கே குறைவில்லை. 2020 செப்டம்பரில் தாமரைப்பாக்கத்தில் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்குக் காவல்துறை மரியாதை செய்தபோது 24 காவலர்கள் மும்முறை சுட, 72 குண்டுகள் முழங்கின. கிராமத்து அடக்கம் இன்னும் கடினம். கல்வானில் உயிர்நீத்த ஹவில்தார் பழனி 2020 ஜூனில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரில் அடக்கம் செய்யப்பட்டதைப் போல, படைவீரரின் கடைசிப் பயணம் பெரும்பாலும் சொந்த ஊர் மண்ணில் முடிகிறது. அங்கே ஒத்திகைக்கு இடமேது?

இவ்வளவு சங்கடம் எதற்கு, பதிவு செய்த இசையை ஒலிபெருக்கியில் போட்டுவிடலாமே என்பார்கள். பிள்ளையை இழந்த தாய் கேட்கும் கடைசி இசை கீறலாக இருக்கக் கூடாது என்ற அக்கறையிலிருந்து வரும் யோசனை அது, ஒதுக்கித் தள்ள முடியாது. அமெரிக்கா அதைச் செய்தும் பார்த்தது. படைவீரர் அடக்கத்தில் டாப்ஸ் ஒலிக்கச் செய்வது 2000 முதல் சட்டப்படி கட்டாயமானது. ஊதத் தெரிந்தவர்கள் போதவில்லை. 2003இல் பியூகிளின் அகன்ற வாய்க்குள் செருகும் மின்னணுக் கருவி வந்தது. பொத்தானை அழுத்திவிட்டு உதட்டில் வைத்து நின்றால் போதும், ஆர்லிங்டனில் பதிவு செய்த டாப்ஸ் துல்லியமாக ஒலிக்கும். ஆனால் அதே 2000இல்தான் அங்கே தன்னார்வ ஊதுநர்கள் ‘பியூகிள்ஸ் அக்ராஸ் அமெரிக்கா’ என்று அமைப்பாகத் திரண்டு, கூலி வாங்காமல் அடக்கங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். கிளார்க்கின் உடைந்த சுரத்தையும் மக்கள் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. விம்மலைப் போல வேண்டுமென்றே ஊதினாரோ என்று கேட்டவர்கள் பலர். அதை வைத்துப் பிசகைப் போற்றச் சொல்லவில்லை. சரியாக ஊதுவதே மரியாதை. ஆனால் பிசகக்கூடிய ஒரு மனிதர் பிசகாமல் ஊத முயல்வதைத்தான் அந்தக் குடும்பம் நின்று கேட்கிறது. ஒலிபெருக்கியில் அந்த முயற்சி இல்லை.

பிசகைக் குறைக்க வழி இருக்கிறது என்பதற்கு பெல்ஜியத்தின் ஈப்பர் நகரம் சாட்சி. முதல் உலகப் போரில் உடல் கிடைக்காமல் போனவர்களின் பெயர்களை, நம் இந்தியப் படையினர் பெயர்களும் உட்பட, தாங்கி நிற்கும் மெனின் வாயிலில் 1928 முதல் இரவு 8 மணிக்கு லாஸ்ட் போஸ்ட் ஊதுகிறார்கள். ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த ஆண்டுகளில் நின்றது. 1944 செப்டம்பரில் ஊர் விடுதலை பெற்ற அன்று மாலையே திரும்பத் தொடங்கியது. 2015 ஜூலையில் 30,000ஆவது முறையைத் தொட்டது. ஊதுகிறவர்கள் இசைக்கல்லூரியிலிருந்து வந்தவர்கள் அல்லர், உள்ளூர்த் தீயணைப்புப் படையோடு பிணைந்தவர்கள். தீயணைப்பு வீரர்களால் முடிவதற்குக் காரணம் அவர்களுக்குத் தினமும் இரவு 8 மணி இருக்கிறது. உதட்டுத் தசையும் மற்றத் தசைகளைப் போலத்தான், ஒரு மாதம் விட்டால் இளகிவிடும். நம் ஆயுதப்படையில் ஊதுபவர் முதலில் காவலர். பந்தோபஸ்துக்கும் போக வேண்டும், பாராவுக்கும் நிற்க வேண்டும். தினம் கால் மணி நேரம் ஊதுவதைப் பணியாகவே எழுதிக்கொடுத்தால் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்களும் உண்டு. டெல்லியில் பாசறை திரும்பும் நிகழ்ச்சியிலிருந்து 2022இல் ஒரு கிறிஸ்தவப் பாடலை நீக்கியபோது இந்தப் பேச்சு வலுத்தது. லாஸ்ட் போஸ்ட் பிரிட்டிஷ் பாசறையில் பிறந்ததுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சாவு வீட்டில் சங்கும் சேகண்டியும் கேட்டு வளர்ந்த ஊர் இது. மூச்சு நின்றவருக்காக இன்னொருவர் தன் மூச்சை ஊதும் வழக்கம் திண்டிவனத்துத் தெருக்களுக்கு எந்தப் பட்டாளமும் வருவதற்கு முன்பே தெரியும். சங்கு ஊதுவதும் உதட்டால்தான். அயல் மெட்டு நம்மிடம் ஒட்டிக்கொண்டதற்கு ஆணை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

அஞ்சலியை ஆட்டம்போல அலசுவது தகுமா என்ற கேள்வி எல்லாவற்றையும்விடக் கனமானது. மதிப்பெண் போடுவதற்காக அலசினால் தகாது. ஊதுபவருக்கு என்ன தேவை என்று கண்டுபிடிக்க அலசினால் தகும். தேவைகள் சின்னவை. சுடும் அணியிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, நிழலில் அவரை நிறுத்தலாம். அணிவகுப்பு தொடங்கும் முன் மைதானத்தின் பின்பக்கம் பத்து நிமிடம் மெல்ல ஊதி உதட்டைப் பழக்கிக்கொள்ள விடலாம். குடிக்கத் தண்ணீர் கொடுக்கலாம். கடைசிக் குண்டு வெடித்ததும் உடனே சைகை காட்டாமல், காதில் ரீங்காரம் அடங்கும்வரை பத்து எண்ணிக் காத்திருக்கலாம். அந்தப் பத்து நொடியில் கோஷம் வேண்டாம், கைப்பேசி மணி வேண்டாம் என்று கூட்டத்திடம் முன்கூட்டியே ஒலிபெருக்கியில் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு அந்த ஒலிபெருக்கியை அணைத்துவிட வேண்டும், காகுப்பம் மைதானத்தின் மறுகோடிவரை எட்டுவதற்குப் பித்தளைக்கு மின்சாரம் தேவைப்படாது.