முடிவு வரை கேட்டவர்கள்

வீட்டில் கிதார் வாசித்து, வீட்டிலேயே பதிவு செய்து, தன்னைப்போல வாசிக்கிற நாலைந்து பேருக்கு மட்டும் கொடுப்பது என்கிற காரியத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது, இசைத்தட்டுக் கம்பெனி கிடையாது; ஆகவே அது இசையாகாது, வேண்டுமானால் சாதகம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது பொதுவான கட்சி. நான் அந்தக் கட்சியில் இல்லை. வீட்டுப் பதிவில்தான் ஆத்மா இருக்கிறது, ஸ்டூடியோவுக்குள் போனால் எல்லாம் செத்துவிடுகிறது என்று உருகுகிறவர்கள் கட்சியிலும் நான் இல்லை. என் அக்கறை வேறு. இப்படிக் கைமாறும் பதிவுகளுக்கு உயிர் கொடுப்பவன் வாசிப்பவன் அல்ல, கேட்பவன் என்று எனக்குப் படுகிறது. கேட்பவன் பொய் சொன்னால் முழுக் காரியமும் விழுந்துவிடும். நான் ஒருமுறை பொய் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1983-ல் பல்லாவரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே நாங்கள் ஆறு பேர் இருந்தோம். பெயர்கள் வேண்டாம், நாங்களே ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் குறிப்பிட்டுக்கொண்டோம். பம்மல்காரர், சேலையூர்க்காரர், குரோம்பேட்டை சார் என்று. ஒரு வங்கிக் குமாஸ்தா, இரண்டு வாத்தியார்கள், ஒரு ரயில்வே ஊழியர், மின்வாரியத்தில் ஒருவர், நான். தாம்பரம் ஸ்டேஷனில் மாலை வண்டிக்குக் காத்திருக்கும்போது செய்தித்தாளில் சுற்றிய காஸெட் கைமாறும். அறுபது நிமிஷக் காஸெட், பக்கத்துக்கு முப்பது. எங்களுக்கு ஒரே ஒரு விதி இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது பெட்டிக்குள் ஒரு சீட்டு இருக்க வேண்டும். அதில் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதக்கூடாது.

இந்தப் பக்கத்துக்குக் கிதார் எப்படி வந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. மாதா கோவில்களில் பாடகர் குழுக்கள் இருந்தன. 1937-ல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்த கிறிஸ்தவக் கல்லூரியின் விடுதிகளில் யாராவது ஒருவன் எப்போதும் ஒன்றை மீட்டிக்கொண்டிருந்தான். 1931 முதல் ஓடிய மின்சார ரயில் இருந்ததால் தந்தி வாங்க மவுண்ட் ரோடு மியூஸி மியூஸிகலுக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். அப்புறம் இளையராஜா. டிரினிடி காலேஜின் கிளாஸிகல் கிதார் தேர்வில் தேறியவர், அந்த வாத்தியத்தைப் பின்னணியிலிருந்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். 1980-ல் 'மூடுபனி', 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை'. 'இளைய நிலா'வில் ஆர். சந்திரசேகரின் விரல்கள் ஓடுவதைக் கேட்டபின் இந்தப் புறநகரில் கிதார் வைத்திருந்த எவனும் அந்த வருஷம் வேறொன்றும் வாசிக்கவில்லை என்றே சொல்லலாம். எங்கள் முதல் காஸெட்டுகளில் பாதி அதுதான்.

நகல் என்று இதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. நகல் செய்பவனுக்குத்தான் எங்கே முடியவில்லை என்பது தெரியும். ஆனால் நகலோடு நிற்பவனிடம் அடுத்த காஸெட்டைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும். எங்கள் முன்னே இருந்த கஷ்டம் இது: சபாவில் கிதாருக்கு இடமில்லை, சினிமாவில் இடம் உண்டு, ஆனால் அது நாற்பது வாத்தியங்களில் ஒன்று, மெல்லிசைக் குழுவில் இடம் உண்டு, ஆனால் அங்கே சினிமாப் பாட்டைச் சினிமாப் பாட்டாகவே வாசிக்க வேண்டும். தனியாக ஒரு கிதார், வேறெதுவும் இல்லாமல், தமிழ்ச் செவிக்கு என்ன சொல்ல முடியும் என்ற கேள்வியை எழுப்ப ஒரு தளம் கிடையாது. காஸெட்தான் தளம்.

பம்மல்காரர் அந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டார். இரும்புத் தந்திக் கிதாரில் தோடி. தோடி காந்தாரம் நிற்கிற ஸ்வரமல்ல, அசைகிற ஸ்வரம். அந்த அசைவுதான் தோடி. வீணையில் மெழுகில் பதித்த மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களை ஒரே இடத்தில் கொண்டுவந்துவிடலாம். கனத்த தந்தி கட்டிய கிதாரில் ஒரு முழு ஸ்வரம் இழுப்பதற்குள் விரல்நுனி கிழிந்துபோகும். ஆகவே அவர் இழுப்பதை விட்டுவிட்டு வழுக்கினார். வழுக்கும்போது ஒவ்வொரு ஃபிரெட்டும் 'டிக் டிக்' என்று காட்டிக்கொடுத்தது. சேலையூர்க்காரர் சீட்டில் எழுதினார்: "காந்தாரம் மாடிப்படி இறங்குகிறது. கைப்பிடிச்சுவர் கூடத் தெரிகிறது." இதைவிடச் சரியான சங்கீத விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. பம்மல்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. மெல்லிய தந்தி மாற்றி, கீழ் ஸ்ருதியில் கட்டி, மூன்று மாதம் கழித்து மறுபடியும் கொடுத்தார். அதுவும் தோல்விதான். ஆனால் வேறு தோல்வி. (மின்சாரக் கிதாரில் இந்தக் கணக்கே மாறிவிடும். இதே தென்சென்னையில், ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்த பிரசன்னா கர்நாடக சங்கீதத்தைக் கிதாரில் கச்சேரியாகவே வாசித்துக் காட்டினார். அது பம்மல்காரரின் காஸெட்டுகளைச் செல்லாததாக்கிவிடவில்லை. எங்கே தடை இருந்தது என்பதை அவை துல்லியமாகக் குறித்துவைத்திருக்கின்றன.)

எங்கள் டேப் ரிக்கார்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளேயே மைக் வைத்த சாதாரணப் பெட்டிகள். ஒலி கூடினால் தானே குறைத்து, குறைந்தால் தானே ஏற்றிவிடுகிற ஏற்பாடு அதில் உண்டு. பலமாக ஒரு தந்தியை மீட்டினால் பெட்டி பயந்து பின்வாங்கும்; நாதம் தேயத் தேய மெல்ல முன்னே வரும்; அதோடு அறையின் இரைச்சலும் ஏறி வரும். ஒவ்வொரு ஸ்வரத்துக்குப் பின்னும் தாம்பரம் ஒருமுறை மூச்சு விட்டது. காக்கை, குக்கர், விமானப்படைப் பயிற்சி விமானம், கடவுப்பாதையில் ரயிலின் கூவல். மைக்கைக் கிதாரின் வாய்த்துளைக்கு நேரே வைத்தால் மந்தரம் பானைக்குள் பேசுகிற மாதிரி குமுறும், கழுத்து உடலோடு சேருமிடத்துக்கு நேரே வை என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு மாதம் ஆயிற்று. பாட்டரி இறங்கிய பெட்டியில் பதிவு செய்தால் நல்ல பெட்டியில் ஸ்ருதி ஏறி ஒலிக்கும். குரோம்பேட்டை சாருடைய ஸ்ருதி சேலையூரில் வேறு. கூட வாசிக்க வேண்டுமானால் முதலில் அவர் ஸ்ருதிக்கு நாம் தந்தியை முறுக்கிக்கொள்ள வேண்டும்.

வெளியுலகில் இதற்குச் சொந்தபந்தங்கள் உண்டு. அமெரிக்காவில் ஜான் ஃபாஹி என்கிற இளைஞர் 1959-ல் தன் கைக்காசைப் போட்டுத் தன் கிதார்த் தட்டை அச்சிட்டார். சுமார் 100 பிரதிகள். ஒரு பக்கத்தில் தன் பெயர், மறுபக்கத்தில் 'ப்ளைண்ட் ஜோ டெத்' என்று ஒரு கற்பனைக் குருட்டுப் பாடகனின் பெயர். (புனைபெயரில் தங்களுக்கே வாசகர் கடிதம் எழுதிக்கொண்ட நம்மவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.) அதே 1959 ஜனவரியில்தான் சி.சு. செல்லப்பா 'எழுத்து'வை ஆரம்பித்தார். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது, தெரிந்திருந்தால் பிடித்திருக்கவும் நியாயமில்லை. ஆனாலும் சிலரையே நம்பி அச்சுக்குப் போகிற அந்தப் பிடிவாதம் ஒன்றுதான். ஃபாஹியிடம் எனக்குப் பிடித்தது பிரதிகளின் எண்ணிக்கை அல்ல. 1964-லும் 1967-லும் அந்தத் தட்டின் துண்டுகளை எடுத்துத் திரும்ப வாசித்துப் பதிவு செய்தாரே, அது. தனக்குத்தானே சீட்டு எழுதிக்கொண்ட மனிதர்.

இன்னொருவர் எலிஸபெத் காட்டன். சீகர் குடும்பத்தில் வீட்டுவேலை செய்த கறுப்பினப் பெண்மணி. 1950-களின் கடைசியில் மைக் சீகர் அவர் வீட்டுக்கே போய் டேப்பில் பதிவு செய்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இடதுகைக்காரர். வலதுகைக் கிதாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தார். ஆகவே எல்லோரும் கட்டைவிரலால் மீட்டுகிற மந்தரத்தை அவர் விரல்களால் மீட்டினார். பாட்டின் மெட்டு கட்டைவிரலுக்குப் போயிற்று. ஸ்டூடியோப் பளபளப்பு இல்லாத அந்தப் பதிவில் வாசிக்கிறவனுடைய காதுக்கு இது கேட்கும். மந்தரம் இலேசாக, மெட்டு கனமாக, ஏதோ தலைகீழாக இருக்கிறதே என்று. சக வாசிப்பாளனுக்கு வேண்டியது இந்தத் தகவல்தான். அழகு அதற்குப் பிறகு.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். 1982 ஜனவரியில் வீட்டில், காஸெட்டிலேயே நாலு தடங்களில் பதிவு செய்கிற டாஸ்காம் பெட்டியில், தன் குழுவினருக்குப் போட்டுக்காட்ட மட்டும் பாடிவைத்தார். குழுவோடு ஸ்டூடியோவில் திரும்ப முயன்றார்கள், சரிப்படவில்லை. சட்டைப்பையில் உறையில்லாமல் சுற்றிய அந்தக் காஸெட்டே 'நெப்ராஸ்கா' என்று வெளிவந்தது. நல்ல தட்டு, சந்தேகமில்லை. ஆனால் அதன் பலன் விபரீதமானது. இரைச்சலே நேர்மை என்று ஒரு தலைமுறை முடிவு கட்டிவிட்டது. இன்று சுத்தமாகப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டரில் டேப் இரைச்சலைத் தூவுகிறார்கள். புரியாமையை நகையாகப் பூட்டிக்கொண்ட சில புதுக்கவிதைக்காரர்களின் ஞாபகம் வருகிறது. எங்களுக்கு இரைச்சல் பிடித்ததில்லை. போக்க வழியில்லாமல் சகித்துக்கொண்டோம். அதற்குள்ளிருந்து கேட்கப் பழகினோம்.

இப்போது என் பொய்க்கு வருகிறேன். 1986 என்று ஞாபகம். குரோம்பேட்டை சார், எங்களில் அதிகம் பேசாதவர், சொந்தமாக ஒரு துண்டு செய்திருந்தார். ராகமும் இல்லை, மேற்கத்திய வடிவமும் இல்லை. மந்தரத்தில் ஒரே தந்தி விடாமல் ஒலிக்க மேலே ஒரு மெட்டு போய்ப் போய்த் திரும்புகிற மாதிரி. காஸெட்டைக் கொடுக்கும்போது, "முடிவைப் பாருங்க சார், முடிவுதான் எனக்குச் சந்தேகம்" என்றார். வீட்டில் அப்போது பல தொந்தரவுகள். பத்து நிமிஷம் கேட்டேன். பிறகு கேட்கலாம் என்று வைத்தேன். இரண்டு வாரம் கழித்து பிளாட்பாரத்தில் அவர் கேட்டபோது, "பிரமாதம் சார். அந்த முடிவு ஒண்ணு போதும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் வைக்க என்னிடம் சீட்டும் இல்லை.

காஸெட்டில் முடிவே இல்லை. முப்பதாவது நிமிஷத்தில் டேப் தீர்ந்து துண்டு நடுவிலேயே அறுந்துபோயிருந்தது. கொடுத்தபின் அவருக்கே அது தெரிந்திருக்கிறது. நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார். இது எனக்குத் தெரியவந்தது பல மாதம் கழித்து, சேலையூர்க்காரர் மூலமாக. குரோம்பேட்டை சார் யாரிடமும் என்னைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் காஸெட் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். ஒரு வருஷத்தில் ஆறு பேர் நாலு பேரானோம், அப்புறம் மாற்றல், கல்யாணம், கடன். எல்லாவற்றுக்கும் என் பொய்தான் காரணம் என்று சொன்னால் அது என்னைப் பெரிதாக்கிக்கொள்வதாகும். ஆனால் அதன்பின் எங்கள் சீட்டுகள் எல்லாவற்றிலுமே மெல்ல மெல்ல 'நன்றாக இருக்கிறது' நுழைந்துவிட்டது. பாராட்டைப் பரஸ்பரம் பரிமாறிக்கொள்வது எவ்வளவு சௌகரியம் என்பதை இலக்கிய உலகில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

இன்று செல்போன் இருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்துப் பையன் மத்தியானம் வாசித்ததை மூணு மணிக்கு மடிப்பாக்கத்தில் கேட்கலாம். என் மருமகன் என்னையும் ஒரு குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறான், அறுபது பேர். பதிவு வந்து விழுந்த அரை நிமிஷத்தில் பத்துக் கைதட்டல் பொம்மைகள். பதிவு நாலு நிமிஷம். இன்னொரு வேடிக்கை: பேச்சுக்காகச் செய்த குரல்செய்தியில் கிதாரை வாசித்து அனுப்புகிறார்கள். பேச்சைத் தெளிவாக்கும் ஏற்பாடு, தேய்ந்துகொண்டே போகிற நாதத்தை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடுகிறது. எங்கள் பழைய பெட்டி தேயும் நாதத்தைத் தூக்கிப் பிடித்தது, கூடவே காக்கையையும். இது காக்கையைத் துரத்துகிறேன் என்று நாதத்தையும் துரத்துகிறது. அறுபது பேரில் ஒருவர்கூட, "தம்பி, உன் கடைசி ஸ்வரம் எனக்கு வந்து சேரவில்லை" என்று எழுதவில்லை. நானாவது எழுதியிருக்கலாம். முதல் இரண்டு முறை எழுதவில்லை. மூன்றாவது முறை எழுதினேன். பையன், "அங்கிள், நீங்க முழுசா கேட்டீங்களா!" என்று பதில் போட்டான். அந்த ஆச்சரியம் எனக்கு உறுத்தியது.

போன மாசம் குரோம்பேட்டை சாருடைய நம்பர் கிடைத்தது. இப்போது அவர் இருப்பது சிட்லபாக்கத்தில், மகள் வீட்டில். போன் செய்து முதலில் அந்தக் காஸெட்டைப் பற்றிச் சொன்னேன். "அதை விடுங்க சார், எந்தக் காலம்" என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு பதிவு வந்தது. அதே துண்டு. விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன என்று சொன்னார், கேட்கவே தெரிகிறது. மெட்டில் பாதி ஸ்வரங்களை விட்டுவிட்டார். விட்ட இடங்களில் மந்தரத் தந்தி மட்டும் நின்று ஒலிக்கிறது. முடிவில் மெட்டு திரும்பி வருவதில்லை. அந்த ஒற்றைத் தந்தியையே மூன்று முறை மீட்டி, மூன்றாவதைத் தேய விட்டுவிடுகிறார்.

மூன்று தடவை கேட்டுவிட்டு எழுதினேன்: "கடைசி மீட்டலுக்கு முன்னால் கட்டைவிரல் பிந்துகிறது. வயதா, வேண்டுமென்றேயா? வேண்டுமென்றே என்றால் இன்னும் பிந்தலாம். நடுப்பகுதி நீளம், ஒரு தடவை குறைவாகத் திரும்பினால் போதும்." அனுப்பிவிட்டு அரைமணி நேரம் செல்போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

அவர் பதில் எழுதவில்லை. நேற்று இரவு இன்னொரு பதிவு வந்திருக்கிறது, ஏழு நிமிஷம். ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன்.