பத்து வயதில் ஒரு பரீட்சை, பரீட்சையில்லாத ஒரு பத்து வயது

2024ஆம் ஆண்டின் கடைசி நாளில் இலங்கையின் அதியுயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. பத்து வயதுப் பிள்ளைகள் எழுதிய ஒரு பரீட்சையின் 3 வினாக்கள் முன்கூட்டியே வெளியே போயிருந்தன. அந்த 3 வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப்புள்ளி கொடுங்கள் என்பது தீர்ப்பு. செப்டம்பர் 15இல் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையை எழுதிய 3 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அதுவரை பெறுபேறு தெரியாமல் காத்திருந்தார்கள். பெற்றோர் வீதியில் இறங்கினார்கள், வழக்குப் போட்டார்கள். ஒரு நாடே அதைப் பேசியது.

தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பு இப்படிச் செய்தியானது ஒரே ஒரு தடவைதான். ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்தப்படும் என்று 2019 செப்டம்பரில் அரசாணை வந்தது. ஆசிரியர்களும் கல்வியாளர்களும் அரசியல் கட்சிகளும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரி 4ஆம் தேதி அது ரத்தானது; ஒரு பிள்ளைகூட அந்தத் தேர்வை எழுதவில்லை. ஒரே மொழியைப் பேசி, ஏறக்குறைய ஒரே சோற்றை உண்டு வளரும் பிள்ளைகள், ஆரம்பப் பள்ளியின் கடைசி ஆண்டை இத்தனை வேறாகக் கடக்கிறார்கள்.

இலங்கைப் பரீட்சை நல்ல நோக்கத்தில் பிறந்தது. கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1940களில், நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கு நிகராகக் கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளைத் தொடங்கினார். மொத்தம் 54. இலவசக் கல்வி 1945இல் வந்தது. கெட்டிக்கார ஏழைப் பிள்ளை அந்தக் கல்லூரிக்குள் நுழையவும் விடுதியில் தங்கிப் படிக்கவும் திறக்கப்பட்ட வாசல்தான் புலமைப்பரிசில். மட்டக்களப்பு மாவட்டத்தில் வந்தாறுமூலையில் அப்படியொரு மத்திய கல்லூரி எழுந்தது. பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அந்த வளாகத்தில்தான். வயலையும் கடலையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் படித்து மேலே வந்ததில் இந்தப் பரீட்சைக்கு உண்மையான பங்கு உண்டு. அதை ஒழிக்க வேண்டும் என்கிறவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் இந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச முடியும்.

இன்றைய பரீட்சையில் 2 வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளி. முதலாவதில் 40 வினாக்கள்: உருவங்களின் ஒழுங்கு, எண்கோலம், காரணகாரியம் என்று நுண்ணறிவைச் சோதிப்பவை. இரண்டாவதில் 60: தாய்மொழி, கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களம். இரண்டும் ஒரே காலைப்பொழுதில் முடிந்துவிடும். பிறகு மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப வெட்டுப்புள்ளி அறிவிக்கப்படும். அதைத் தாண்டும் பிள்ளை வருமானம் குறைந்த குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் மாதாந்த உதவிப்பணம் உண்டு. பேர்பெற்ற பாடசாலைகளில் தரம் ஆறுக்குப் போவதற்கு வேறொரு வெட்டுப்புள்ளி. அது பாடசாலைக்குப் பாடசாலை மாறும். அண்மை ஆண்டுகளில் ஆறேழு பேரில் ஒருவர்தான் மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருக்கிறார். எழுதியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருந்தும் முதலாம் தரத்திலிருந்தே பெரிய பாடசாலையில் படிக்கிற வசதியான வீட்டுப் பிள்ளையும் எழுதுகிறது. அந்தப் பிள்ளைக்கு இடமும் தேவையில்லை, பணமும் தேவையில்லை. ஊர் கேட்கப்போகும் “எத்தனை புள்ளி?” என்ற கேள்விக்கு ஒரு மறுமொழி தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் தரம் நான்கிலேயே தொடங்கிவிடுகிறது. பாடசாலை விட்டதும் ரியூசன், சனி ஞாயிறில் செயலமர்வு, இரவில் மாதிரி வினாத்தாள். பத்திரிகைகள் தரம் ஐந்துக்கென்றே மாதிரி வினாத்தாள்களை அச்சிடுகின்றன. அம்மாக்கள் அவற்றைக் கடையில் சொல்லிவைத்து வாங்குகிறார்கள், வாட்ஸ்அப் குழுக்களில் வருபவற்றை அச்செடுக்கிறார்கள், கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளைத் தேடி அலைகிறார்கள். பரீட்சைக்குச் சில நாள் முன்னதாக ரியூசன் வகுப்பும் கருத்தரங்கும் நடத்தக்கூடாது என்று பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடை அறிவிக்கிறது. மீறுகிறவர்களைப் பற்றிப் பொலிஸில் முறையிடலாம் என்றும் சொல்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு நாலு நாள் ஓய்வு கிடைக்க அரசாங்கத்தின் கட்டளை வேண்டியிருக்கிறது.

இந்த அம்மாக்களைக் குறைசொல்லி எழுதுவது எளிது. நான் அதைச் செய்ய மாட்டேன். வேலையிலிருந்து வந்து, அடுப்பை மூட்டி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருகிற ஒரு தாய், தான் மறந்துபோன பின்னக் கணக்கைத் திரும்பப் படித்துக்கொண்டு உட்காருகிறாள். தகப்பன் மத்திய கிழக்கிலிருந்து தொலைபேசியில் “இண்டைக்கு எத்தனை?” என்று கேட்கிறார். அந்த ஓராண்டு முழுவதும் ஒரு குடும்பம் தன் பிள்ளையின் படிப்பை நெஞ்சில் சுமக்கிறது. உலகத்தில் எந்தக் கல்வித் திட்டத்தாலும் விலைகொடுத்து வாங்க முடியாத கவனம் அது. எனக்குள்ள வருத்தம் அந்தக் கவனம் செலவாகிற விதத்தைப் பற்றியது. சிவப்புப் பேனையால் சரி, பிழை போடுவதிலும் மொத்தப் புள்ளியைக் கூட்டுவதிலும் நேற்றைய புள்ளியோடு ஒப்பிடுவதிலும் மாலை கழிந்துவிடுகிறது. பிள்ளை அந்தப் பிழையான விடைக்கு எப்படி வந்துசேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமில்லை, அடுத்த வினாத்தாள் காத்திருக்கிறது. முதலாவது வினாத்தாளுக்கு நடப்பது இன்னும் வருத்தமானது. சிந்தித்துக் கண்டுபிடிக்க வேண்டிய வினாக்களை வகைபிரித்து, இந்த வகைக்கு இந்த வழி என்று மனப்பாடமாக்கிவிட்டோம். நுண்ணறிவை அளக்க வந்த தாள் ஞாபகசக்தியை அளந்துவிட்டுப் போகிறது.

பெற்றோரை இப்படி ஓட வைப்பது பாடசாலைகளுக்கிடையிலான பள்ளம். அயலிலுள்ள வித்தியாலயத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நிலையான ஆசிரியர், திறந்திருக்கும் நூலகம், ஒரு ஆய்வுகூடம் எல்லாம் இருக்குமானால் எந்தத் தாய் பத்து வயதுப் பிள்ளையைத் தொலைதூரப் பாடசாலைக்கு அனுப்ப ஏங்குவாள்? பரீட்சையை நிறுத்துவோம் என்று அமைச்சர்கள் மாறிமாறிப் பேசியும் அது நிற்காததற்குக் காரணம் இதுதான்.

மலையகத்துக்குப் போனால் ‘வீட்டில் உதவி’ என்ற பேச்சே வேறாகிவிடும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தின் லயத்து அறையில் மேசை போட இடமில்லை. கொழுந்து பறித்து மாலையில் திரும்பும் தாய்க்கு உடம்பில் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. அவளுக்கே எழுத்து வசப்படாமல் போயிருக்கவும் கூடும். அங்கே தரம் ஐந்துப் பிள்ளைக்கு வீடாக இருப்பது, பாடசாலை முடிந்தபின்னும் காசு வாங்காமல் வகுப்பை நீட்டிக்கிற ஒரு சேரோ ரீச்சரோதான். நுவரெலியாவில் ஒரு பிள்ளை வெட்டுப்புள்ளியைத் தாண்டியது என்றால், கொழும்பில் இரண்டு ரியூசனுக்குப் போய்த் தாண்டிய பிள்ளையைவிட அது அதிக தூரம் நடந்திருக்கிறது. மாவட்டவாரியான வெட்டுப்புள்ளி அந்தத் தூரத்தில் ஒரு துண்டை மட்டும் ஈடுசெய்கிறது.

இனித் தமிழ்நாடு. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிகிற ஏப்ரல் மாதம் சத்தமில்லாமல் வரும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. மத்திய அரசு தன் பள்ளிகளில் அந்த முறையை 2024 டிசம்பரில் கைவிட்டபோதும் தமிழ்நாடு தொடர்வோம் என்றது; 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையிலும் அதையே உறுதிசெய்தது. அது சரியான முடிவு என்றே நம்புகிறேன். பத்து வயதில் ‘நீ தோற்றவன்’ என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.

ஆனால் அந்த அமைதிக்குள் வேறொன்றும் நடக்கிறது. பரீட்சை இல்லாததால் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது வீட்டுக்குத் தெரியாமலே ஐந்து ஆண்டுகள் போய்விடலாம். “ஸ்கூல்ல பாத்துப்பாங்க” என்று அப்பாவும், “டியூஷன் அக்கா பாத்துப்பாங்க” என்று அம்மாவும் இருந்துவிடும் வீடுகள் நிறைய. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின் இந்தப் பள்ளம் வெளிப்படையாகத் தெரிந்தது. தமிழ்நாடு அதை மறைக்கவில்லை என்பதை நான் மதிக்கிறேன். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை இருந்தது; அடுத்த கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் நிற்கும் இடத்தை வைத்துப் பிரித்து அங்கிருந்து நடத்துகிறார்கள். ஐந்தாம் வகுப்பு மாணவன் அரும்பு நிலையில் இருக்கலாம் என்று ஓர் அரசே ஒத்துக்கொள்வது துணிச்சல். இலங்கையில், எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பிள்ளை வகுப்பின் கடைசி வரிசையில் இருக்கும். ஆசிரியரின் முழுக்கவனமும் வெட்டுப்புள்ளியைத் தாண்டக்கூடிய முன்வரிசையில் இருக்கும்.

அதைவிட என்னைக் கவர்ந்தது 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த, அதே தெருவைச் சேர்ந்த அக்கா ஒருத்தி, தன் வீட்டுத் திண்ணையிலோ கோயில் வாசலிலோ மாலையில் ஒன்றரை மணி நேரம் இருபது பிள்ளைகளை உட்காரவைத்துப் பாட்டும் கதையும் கணக்கும் சொல்லிக்கொடுப்பாள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. உச்சத்தில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் இருந்தார்கள். பின்னர் அந்த அளவு குறைந்துவிட்டது. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்குத் தெருவே வீடானது அந்த மாலைகளில். மலையகத் தோட்டங்களுக்கு இதைப்போல ஒன்றைக் கொண்டுபோக முடியாதா என்று யோசித்து யோசித்து ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை வெளியிடும் ‘ஊஞ்சல்’ இதழும், நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு புத்தகங்களைக் கையில் தரும் வாசிப்பு இயக்கமும் அந்தப் பக்கத்து நல்ல செய்திகள்.

தமிழ்நாட்டுப் பெற்றோர் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. பரீட்சை இல்லையென்றாலும் ஐந்தாம் வகுப்பின் முடிவில் அங்கேயும் பாதை பிரிகிறது. மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வாங்கிக்கொண்டு ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளிக்குப் போவது? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பொதுவாக 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அந்த 6 முதல் 12 என்ற கணக்கையே பார்க்கின்றன. இதை அறியாமல், ஆங்கில வழி என்ற பெயருக்காக ஆறாம் வகுப்பில் கடன்பட்டுச் சிறிய தனியார் பள்ளிக்கு மாற்றுகிற குடும்பங்கள் உண்டு. மறுபக்கம், வசதியுள்ள வீடுகளில் ஆறாம் வகுப்பிலிருந்தே மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான ‘நீட் ஃபவுண்டேஷன்’ வகுப்பு. அரசு ரத்துசெய்த பரீட்சையைப் பெற்றோர் பணம் கட்டி வாங்கிக்கொள்கிறார்கள்.

இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள், வினாத்தாள் இல்லாமல் உட்காருங்கள். முதல் பாதி தமிழ்நாட்டுக்கு அதிகம் தேவை, இரண்டாம் பாதி இலங்கைக்கு. அரைமணி நேரம் போதும். பிழைவிட்ட கணக்கை அழிக்கவிடாமல் “எப்படிச் செய்தனீ, சொல்லு பாப்பம்” என்று கேட்டால், கழித்தலில் கடன் வாங்கியதை மறந்ததா அல்லது வினாவையே விளங்காமல் வாசித்ததா என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து வேறு. மின்சாரக் கட்டண பில்லைக் கையில் கொடுத்து, போன மாதத்தைவிட எத்தனை அலகு கூடியிருக்கிறது, ஏன் கூடியது என்று கேட்கலாம். அம்மம்மா சொல்லும் இடப்பெயர்வுக் கதையைப் பத்து வரியில் எழுதித்தரச் சொல்லலாம். எழுத்துப்பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழுத்தறியாத தாயாலும் செய்யக்கூடியது உண்டு. பிள்ளையை உரத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, “பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். ஒன்பது மணிக்குப் படுக்கைக்கு அனுப்புவதும் கல்விக்கு உதவிதான். பன்னிரண்டு மணிவரை விழித்து எழுதிய வினாத்தாளில் அடுத்த நாள் எதுவும் நிற்பதில்லை.

இலங்கையில் இதற்கு ஒரு நல்ல காலமும் இருக்கிறது. அதை வீணாக்குகிறோம். 2025இல் பரீட்சை ஓகஸ்ட் 10ஆம் திகதியே முடிந்துவிட்டது. அதன்பிறகு ஆண்டு முடியும்வரை பல வகுப்பறைகளில் தரம் ஐந்துக்குச் செய்ய எதுவுமில்லாததுபோல ஆகிவிடுகிறது. வீட்டிலும் புத்தகங்கள் மூடப்படுகின்றன. பெறுபேறு வந்ததும் ஒரு பகுதிப் பிள்ளைகளின் படம் பதாகையில் ஏறும். மற்றப் பிள்ளைகள், வெட்டுப்புள்ளியைத் தாண்டாவிட்டாலும் 70 புள்ளி எடுத்துச் சித்தியடைந்தவர்களையும் சேர்த்துத்தான், அந்தப் பதாகைக்குக் கீழால் பாடசாலைக்குப் போய்வருவார்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். புள்ளி போட யாருமில்லாத, கையில் நேரமுள்ள அந்த மாதங்களில் பிள்ளையைப் பிரதேச நூலகத்தில் அங்கத்துவராக்கி, அது விரும்பிய புத்தகத்தை அதுவே தெரிவுசெய்ய விட வேண்டும். வெட்டுப்புள்ளிக்கு நாலு புள்ளி குறைந்த பிள்ளையை அங்கே முதலில் கூட்டிப்போக வேண்டும்.

ஏனென்றால் தரம் ஆறு எல்லாப் பிள்ளைக்கும் ஒரேமாதிரித்தான் தொடங்குகிறது. ஐந்து வருடம் ஒரு வகுப்பாசிரியையின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, இனிப் பாடத்துக்கொரு ஆசிரியர் வந்துபோகும் வகுப்பில் உட்காரும். வரலாறு, விஞ்ஞானம், புவியியல் என்று புத்தகங்கள் கூடும், பந்திகள் நீளும். தமிழ்நாட்டில் ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் நுழையும் பிள்ளைக்கும் இதுவே நடக்கிறது. நீண்ட பந்தியொன்றைத் தானே வாசித்து விளங்கிக்கொள்ளவும், விளங்கவில்லை என்றால் கையை உயர்த்திக் கேட்கவும் தெரிந்த பிள்ளை முதல் தவணையைத் தாண்டிவிடும். 170 புள்ளி எடுத்து இந்த இரண்டும் பழகாமல் வந்த பிள்ளை, பேர்பெற்ற கல்லூரியின் புதிய வகுப்பில் சித்திரைக்குள் பேச்சடங்கிப் போவதை ஆசிரியர்கள் ஒவ்வோராண்டும் பார்க்கிறார்கள்.