முடியைச் சூட்டியது யார்? யாழ்ப்பாண வைபவமாலை பற்றி ஒரு குறிப்பு

யாழ்ப்பாண மன்னரின் முடிசூட்டு மரபை ஆராய்வோர் மயில்வாகனப் புலவரின் ‘யாழ்ப்பாண வைபவமாலை’யையே பெரிதும் நம்பியுள்ளனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுந்த இந்நூல், 1619 இல் அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்து நூறாண்டு கடந்தபின் எழுதப்பட்டதென்பதை அவர்கள் போதியளவு கருத்திற் கொள்வதில்லை.

பொன்பற்றியூர் வேளாளனாகிய பாண்டி மழவன் மதுரை சென்று சிங்கையாரியனை அழைத்துவந்து அரசனாக்கினான் என்பது ‘கைலாயமாலை’யைத் தழுவி இந்நூல் கூறும் கதை. அதனை அடுத்து வருவது வேளாளத் தலைவர்களின் குடியேற்றப் பட்டியல்! அரசு அழிந்தபின் நிலமும் செல்வாக்கும் யாரிடம் எஞ்சினவோ, அவர்களது முன்னோரே இங்கு அரசனை ஆக்குவோராகின்றனர்.

அரசவைச் சார்புடைய ‘செகராசசேகரமாலை’யோ மன்னர் குலத்தை இராமேசுவரத்துப் பிராமணரோடு தொடர்புபடுத்துகின்றது. ‘சேது’ என்னும் சொல்லும் நந்தியும் பொறித்த நாணயங்கள் இதற்கே இசைவானவை.

மலாய் அரசவை நூலான ‘செஜாரா மெலாயு’விலும் புறத்திருந்து வந்தவனே அரசனாகின்றான். பலெம்பாங் தலைவன் டெமாங் லேபார் டாவுன் அவனோடு உடன்படிக்கை செய்கிறான்: குடிகள் துரோகம் செய்யலாகாது, அரசனும் அவர்களை இழிவுபடுத்தலாகாது. நமது நூலில் மழவன் அத்தகைய நிபந்தனை எதனையும் விதித்தானல்லன். குடிமை, அடிமைச் சாதியினரின் பொருட்டு நிபந்தனை விதிக்க அவனுக்கு என்ன தேவை இருந்தது?

1591 இல் எதிர்மன்னசிங்கனை அரியணையேற்றியவர் போர்த்துக்கேயர். அம்முடிசூட்டலில் நிபந்தனைகள் இருந்தன. அவை லிசுபன் அரசுக்குச் சாதகமானவை.